‘போச்சினம்’ என்று வாசித்த பிள்ளைக்கு எத்தனை புள்ளி?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே செல்லும் வீதியில் உள்ள ஒரு சிறிய பாடசாலையில் தரம் 4 இற்குக் கற்பிக்கிறேன். வகுப்பில் 22 பிள்ளைகள். சென்ற தவணை வாசிப்புக் கணிப்பீட்டில் “குளத்தில் நீர் நிறைந்திருந்தது. உழவர்கள் மகிழ்ச்சியுடன் வயலுக்குச் சென்றார்கள்” என்ற பகுதியை ஒரு சிறுமி “குளத்தில தண்ணி நிறைஞ்சிருந்திச்சு. உழவர்கள் சந்தோசத்தோட வயலுக்குப் போச்சினம்” என்று வாசித்தாள். பிழைகளை எண்ணி 10 இற்கு 3 இட்டேன். ஒரு சிறுவன் அதே பகுதியை ஓர் எழுத்தும் பிசகாமல் வாசித்து 10 பெற்றான். உழவர்கள் ஏன் மகிழ்ந்தார்கள் என்று பின்னர் இருவரிடமும் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவளோ “குளம் நிரம்பினாத்தானே ரீச்சர் விதைக்கலாம்” என்றாள். தவணைப் பரீட்சையில் “விமான நிலையத்தில் ஒரு நாள்” என்ற கட்டுரைக்கு அவள் மூன்று வரிகள் மட்டுமே எழுதினாள். தமிழில் மொத்தம் 38 புள்ளி. இரக்கப்பட்டுக் கூட்டிப் போட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம். போடாவிட்டால் அவளுக்கு அநியாயம். கணிப்பீட்டு முறையை மாற்றலாமா என்று கேட்டபோது, தரம் விழுந்துவிடும் என்கிறார் அதிபர். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நீங்கள் இட்ட 3 புள்ளியை விட, அதை இட்ட பின்னர் இரண்டு பிள்ளைகளிடமும் நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்வியே என் மனதில் நின்றது. புள்ளித் திட்டம் அந்தக் கேள்வியைக் கேட்கும்படி உங்களிடம் சொல்லவில்லை, நீங்களாகக் கேட்டீர்கள். கேட்டிராவிட்டால் அவள் வாசிக்கத் தெரியாதவள் என்றும், அவன் நன்றாக வாசிப்பவன் என்றும் பதிவேட்டில் எழுதப்பட்டு, அடுத்த ஆண்டு ஆசிரியரின் கைக்கு அப்படியே போயிருக்கும். ஆரம்பக் கல்வி ஆசிரிய ஆலோசகராக வன்னியில் பல பாடசாலைகளுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படிப் போய்ச் சேர்ந்த பதிவுகள் ஏராளம்.

புள்ளியைக் கூட்டிப் போடுவதா, போடாமல் விடுவதா என்று கேட்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். நெல் நிறுக்கும் இடத்தில் சாக்கின் நிறையைக் கழிப்பார்கள் அல்லவா? ஒருவரின் மூட்டையில் சாக்குக்கென்று ஒரு கிலோவும், அடுத்தவரின் மூட்டையில் ஐந்து கிலோவும் கழித்தால், தராசு சரியாக இருந்தும் நிறை பிழையாகிவிடும். அந்த இரண்டாம் விவசாயி கேட்பது இரக்கத்தை அன்று, சரியான நிறையை. உங்கள் சிறுமியின் 10 புள்ளியில் 7 கழிக்கப்பட்டது வாசிப்புக்காகவா, வீட்டு மொழிக்காகவா என்பதே இங்கு கேட்க வேண்டிய கேள்வி. கணிப்பீட்டில் நியாயம் என்பதை நான் இவ்வளவுதான் விளங்கி வைத்திருக்கிறேன்: எதை அளக்க வந்தோமோ அதை அளப்பது, அளக்க வராத ஒன்று புள்ளிக்குள் நுழைந்துகொண்டால் அதைக் கண்டுபிடித்துத் தனியே வைப்பது.

அவளுடைய வாசிப்பை வசனம் வசனமாகப் பார்ப்போம். ‘நீர்’ என்பதைத் ‘தண்ணி’ என்றாள். ‘மகிழ்ச்சியுடன்’ என்பதைச் ‘சந்தோசத்தோட’ என்றாள். ‘சென்றார்கள்’ என்பதைப் ‘போச்சினம்’ என்றாள். ‘சென்றார்கள்’ என்ற எழுத்துகளைப் பார்த்து ஒரு பிள்ளை ‘போச்சினம்’ என்று சொல்வதானால், அவள் அந்த எழுத்துகளைக் கூட்டி, சொல்லை இனங்கண்டு, பொருளை உணர்ந்து, பலர் செய்த செயல் என்பதையும் நடந்து முடிந்த செயல் என்பதையும் விளங்கி, அந்தப் பொருளுக்குத் தன் வீட்டில் வழங்கும் வினைமுற்றைத் தேடி எடுத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்திருக்கிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளையால் இந்தப் பிழையை விட முடியாது.

அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் 1960களில் எடுத்துக் காட்டிய விடயம் இதுதான். வாய்விட்டு வாசிக்கும் பிள்ளை அச்சிலுள்ள சொல்லை விட்டு விலகும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதக்கூடாது என்றார் அவர். விலகியும் பொருள் நிலைத்ததா, விலகியதால் பொருள் கெட்டதா, பொருள் கெட்டதைத் தானே உணர்ந்து பிள்ளை திரும்பிவந்து திருத்தியதா என்பவற்றைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். நியூசிலாந்தில் மேரி கிளே என்ற அம்மையார், பிள்ளை வாசிக்க வாசிக்க ஆசிரியர் பக்கத்திலிருந்து சொல்லுக்குச் சொல் குறியிட்டுப் பதிவு செய்யும் முறையொன்றை வகுத்தார். நூற்றுக்கு 95 அல்லது அதற்கு மேற்பட்ட சொற்களைச் சரியாக வாசித்தால் அந்தப் பகுதி பிள்ளைக்கு இலகுவானது. 90 முதல் 94 வரையானால் ஆசிரியரின் துணையோடு கற்க ஏற்றது. 90 இற்குக் கீழ் என்றால் கடினமானது என்பது அவருடைய அளவுகோல். இந்த எண்கள் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளை வைத்து எழுந்தவை என்பதால் அவற்றை நான் வேதவாக்காகக் கொள்வதில்லை. ஆனால் பக்கத்தில் இருந்து குறியிடும் அந்தப் பழக்கம் தமிழுக்கு நன்றாகவே பொருந்துகிறது. நம் மொழியில் எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையிலுள்ள தூரம் அதிகம். ஐந்து வயதில் தரம் 1 இற்கு வரும் பிள்ளை வீட்டில் ஒருநாளும் கேட்டிராத வினைமுற்றுகளைத்தான் புத்தகத்தில் முதன்முதலாகச் சந்திக்கிறது. ஆகவே ‘பொருள் நிலைத்த விலகல்’ என்ற ஒரு நிரல் ஆங்கில வகுப்பை விடத் தமிழ் வகுப்புக்கே கூடுதலாகத் தேவை.

செய்முறை எளிது. நூறு சொற்கள் அளவில் ஒரு பந்தியை இரண்டு பிரதிகளாக எடுங்கள். ஒன்று பிள்ளைக்கு, ஒன்று உங்களுக்கு. சரியாக வாசித்த சொல்லின் மேல் ஒரு சரி. மாற்றி வாசித்தால் அவள் சொன்ன சொல்லை அப்படியே மேலே எழுதுங்கள். விட்டுவிட்டால் ஒரு கோடு. தானே திருத்தினால் ‘திரு’ என்று ஒரு குறிப்பு. அது பிழைக் கணக்கில் சேராது, அது வாசிப்பு உயிரோடு இருப்பதன் அடையாளம். வாசித்து முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் என்ன நடந்தது என்று அவளுடைய பேச்சிலேயே சொல்லச் சொல்லுங்கள். பந்தியில் நேரே இல்லாத, யோசித்துச் சொல்ல வேண்டிய ஒரு கேள்வியும் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து அல்லது ஆறு நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு பிள்ளைகள் என்று வைத்தாலும் உங்கள் 22 பேரையும் 11 பாடசாலை நாட்களில் கேட்டு முடிக்கலாம். இந்தியாவில் 2005 முதல் ‘அசர்’ என்ற ஆய்வுக்காகக் கிராமம் கிராமமாகப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அருகில் இருத்தி, எழுத்து, சொல், சிறு பந்தி, கதை என்ற படிகளில் வாசிக்கக் கேட்கிறார்கள். ஒரு தாளும் பொறுமையும் மட்டுமே தேவைப்படும் வேலை அது.

கடிகாரத்தை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்ற பிறநாட்டு அளவுகளை நமது பயிற்சிப் பட்டறைகளிலும் சிலர் கொண்டு வருகிறார்கள். ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்களாக நிற்பது தமிழில் ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரே சொல்லாக நிற்கும். அதே எண்ணை எடுத்து நம் பிள்ளைகளின் மேல் வைப்பது சரியாகாது.

அந்தச் சிறுவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையில் எனக்கு அவளை விட அவனைப் பற்றியே கவலை அதிகம். எழுத்துகளை அவன் ஒலியாக மாற்றுகிறான். பொருள் அவனிடம் வந்து சேரவில்லை. அவனுக்கு இட்ட 10 அவனுடைய தேவையை மூடி மறைத்துவிட்டது. தரம் 6 இல் விஞ்ஞானமும் வரலாறும் தனித்தனிப் புத்தகங்களாகக் கைக்கு வரும்போது அவன் எல்லாவற்றையும் அழகாக வாசிப்பான், ஒன்றும் விளங்காது. அப்போது ‘படிப்பில் அக்கறை இல்லாத பெடியன்’ என்று பெயர் வாங்குவான். குறைந்த புள்ளி மட்டுமே அநியாயம் என்று நினைக்கிறோம். பொருத்தமில்லாத கூடிய புள்ளியும் பிள்ளைக்குச் செய்யும் அநியாயந்தான், அதைப் பற்றி முறையிட எந்தப் பெற்றோரும் வருவதில்லை என்பதால் அது வெளியே தெரிவதில்லை.

பேச்சு வழக்கைப் பற்றி இன்னும் ஒன்று. வன்னியின் வகுப்பறைகளில் ஒரு வீட்டுத் தமிழ் மட்டும் இல்லை. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் ‘போனாங்க’, ‘வந்துச்சி’ என்பார்கள். முஸ்லிம் பிள்ளைகளின் வீடுகளில் வேறு சொற்கள் உண்டு. ஆசிரியர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் பேருந்தில் வந்து போகிறவர்கள். அவர்களுடைய காதுக்கு ‘போச்சினம்’ என்பது பழகிய பிழையாகவும் ‘போனாங்க’ என்பது கூடாத பிழையாகவும் கேட்கும். இரண்டும் புத்தகத் தமிழிலிருந்து ஒரே அளவு தூரத்தில்தான் நிற்கின்றன. இதை நான் பிறரைக் குறைகூற எழுதவில்லை. 1990களின் நடுப்பகுதியில், இடம்பெயர்ந்த பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளுமாக மரத்தடியில் நிறைந்திருந்த ஒரு வகுப்பில், வாசித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் ‘வந்துச்சி’ என்றபோது, அந்தச் சொல்லை அவனைப் போலவே நான் திருப்பிச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அந்த ஆண்டு முடியும்வரை அவன் வாய்விட்டு வாசிக்கவில்லை. அவனுடைய வாசிப்புப் புள்ளியாக நான் எழுதிய பூச்சியம் உண்மையில் என்னுடைய புள்ளி. உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையின் வீட்டு வழக்கை எந்தப் பிழையாக எழுதுகிறீர்கள் என்பதை ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள் என்று கேட்பதற்கு இதுவே காரணம்.

சொல்வதெழுதலிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு பிள்ளை ‘மளை’, ‘பளம்’, ‘கிளங்கு’, ‘தமிள்’ என்று எழுதினால் பத்தில் நான்கு பிழை என்று 6 போடுகிறோம். அங்கே இருப்பது நான்கு பிழையா, ஒரு பிழையா? நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது; பிள்ளை தான் கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறது. சொல்லைச் சொன்ன ஆசிரியரே ‘மளை’ என்று உச்சரித்திருந்தால் அந்தப் பிழையைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? முதலில் நம் நாக்கைத் திருத்திக்கொண்டு, ‘வாழை’ என்றால் தோட்டத்தில் நிற்பது, ‘வாளை’ என்றால் வலையில் படுவது என்று பொருளோடு சேர்த்துக் கற்பித்தால், அந்த நான்கு பிழையும் ஒன்றாகத் தீரும். இன்னொரு பிள்ளை ‘கொடி’ என்பதற்கு அரவை விட்டுக் ‘கெடி’ என்றும், ‘பாடசாலை’ என்பதற்குப் ‘பாடசலை’ என்றும், ‘பட்டம்’ என்பதற்குக் குற்றை விட்டுப் ‘படடம்’ என்றும் எழுதியிருக்கலாம். அவளுக்கும் 6 அல்லது 7 புள்ளிதான் கிடைக்கும். ஆனால் அவளுக்குத் தேவையான பாடம் முற்றிலும் வேறு. ஆகவே பிழைகளின் தொகையோடு அவற்றின் வகையையும் ஒரு சொல்லில் குறித்து வையுங்கள்.

அப்படிக் குறிக்கும்போது, குற்றும் அரவும் விடுபடும் பிள்ளைகளின் கண்ணையும் கவனியுங்கள். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தெழுதுகிறதா, சொன்ன சொல்லுக்குப் பதிலாக அதைப் போல ஒலிக்கும் வேறு சொல்லை எழுதுகிறதா என்று பாருங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தரம் 4 பிள்ளைகள் அடங்குவதால், சந்தேகமுள்ள பிள்ளைகளின் விபரத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். ஒரு கண்ணாடியால் தீர்ந்திருக்கக்கூடிய விடயத்தை மூன்று ஆண்டுகளாக ‘மெல்லக் கற்கும் பிள்ளை’ என்று எழுதி வந்த கொப்பிகளை நான் கண்டிருக்கிறேன்.

இனி அந்த விமான நிலையக் கட்டுரைக்கு வருவோம். 1988 இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்குப் பேஸ்போல் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று கணிக்கப்பட்டிருந்தும் அந்த விளையாட்டை நன்கு அறிந்திருந்த பிள்ளைகள், வாசிப்பில் சிறந்தவர்களாயிருந்தும் அதை அறியாத பிள்ளைகளை விட அந்தப் பகுதியை நன்றாக விளங்கிக்கொண்டார்கள். விடயம் தெரிந்திருப்பது வாசிப்புக்கு இவ்வளவு கைகொடுக்குமானால், ஒன்றுமில்லாத வெள்ளைத் தாளில் எழுதுவதற்கு எவ்வளவு கைகொடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவை ஏற்றிவரக் கட்டுநாயக்காவுக்குப் போன பிள்ளை ஒரு பக்கம் எழுதும். போகாத பிள்ளை மூன்று வரி எழுதும். அங்கே அளக்கப்பட்டது எழுத்துத் திறனா, குடும்பத்தின் பயணமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. குளம், வயல், மாடு என்று மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தால், நம் பிள்ளைகளின் உலகம் அவ்வளவுதான் என்று நாமே வேலி கட்டியவர்களாவோம். அதை நான் ஏற்கமாட்டேன். விமான நிலையத்தைப் பற்றியும் எழுதட்டும், ஆனால் அதற்கு முன் படம் காட்டி, கதைத்து, போய்வந்த ஒருவரைப் பேசவைத்து, சொற்களைக் கரும்பலகையில் எழுதிய பின் எழுதட்டும். கணிப்பீட்டுக்கென்று வரும்போது மூன்று தலைப்புகளைக் கொடுத்து ஒன்றைத் தெரியவிடுங்கள். முல்லைத்தீவுக் கரையோரப் பிள்ளைக்குக் கரைவலையைத் தெரியும். துணுக்காய்ப் பிள்ளைக்குப் பாலைப்பழம் பொறுக்கப் போன கதை தெரியும். தலைப்பு மாறலாம், புள்ளித் திட்டம் மாறத் தேவையில்லை.

ஒரு பாடசாலையில் நான் கண்ட கொப்பியில் இப்படி ஒரு பந்தி இருந்தது: “நேற்று ராவு அப்பா பரணில படுத்தவர். யானை வந்திச்சு. அப்பா வெடி கொழுத்தினவர். யானை போகேல்ல. அப்பா கத்தினது வீட்ட கேட்டது. நான் அம்மாட சீலைய பிடிச்சன். பேந்து சத்தம் இல்ல.” இதன்மேல் சிவப்பு மையில் பத்து வட்டங்கள் இருந்தன, கீழே 20 இற்கு 6. வட்டங்கள் ஒன்றும் பிழையானவை அல்ல. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று நிகழ்ச்சிகளை ஒழுங்காக அடுக்கியிருக்கிறது. குறுகிய வசனங்களால் பயத்தைக் கட்டியிருக்கிறது. “பேந்து சத்தம் இல்ல” (பிறகு சத்தம் இல்லை) என்று நிறுத்தி, அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்று வாசிப்பவரைத் தவிக்க வைத்திருக்கிறது. இந்த வேலைகளுக்கு அந்த ஆறு புள்ளியில் எத்தனை புள்ளி என்று அந்த ஆசிரியரிடம் கேட்டேன். அவர் நல்ல ஆசிரியர்; நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கொப்பியை மீண்டும் ஒருமுறை முழுதாக வாசித்தார். கொப்பிக்குரிய பிள்ளையின் அப்பா நலமாக இருக்கிறார் என்பதையும் எனக்குச் சொன்னார்.

அன்றிலிருந்து நான் எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்வது, எழுத்தை இரண்டு தடவை வாசியுங்கள் என்பதுதான். முதல் வாசிப்பில் பேனை கையில் இருக்கக் கூடாது. என்ன சொல்லியிருக்கிறது, எப்படி ஒழுங்குபடுத்தியிருக்கிறது என்று பார்த்து அதற்கொரு புள்ளி இடுங்கள். இரண்டாம் வாசிப்பில் எழுத்து, குறியீடு, எழுத்து வழக்கு ஆகியவற்றுக்கு வேறொரு புள்ளி. பதிவேட்டில் இரண்டு நிரல்களாக எழுதுங்கள், கூட்ட வேண்டாம். ‘சொல்லும் விடயம் 8, எழுத்து வழக்கு 3’ என்றால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்று எவருக்கும் விளங்கும். ‘11’ என்றால் ஒருவருக்கும் விளங்காது. வாசிக்கும்போது பெயர் உள்ள மூலையை மடித்துக்கொள்ளுங்கள். அழகான கையெழுத்தும் தெரிந்த குடும்பத்தின் பெயரும் நம் கையை நம்மை அறியாமலே இழுக்கும். முடிந்தால் தவணைக்கு ஒருமுறை பக்கத்துப் பாடசாலை ஆசிரியரோடு பத்துக் கட்டுரைகளை மாற்றிப் புள்ளியிட்டு, எங்கே வேறுபடுகிறீர்கள் என்று பேசிப் பாருங்கள்.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது வகுப்பறைக் கணிப்பீடுகளில் புள்ளியை எழுதாமல் குறிப்பை மட்டும் எழுதிக் கொடுங்கள். 1988 இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். புள்ளி மட்டும் பெற்றவர்களும், புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களும் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. புள்ளி அருகில் இருந்தால் பிள்ளையின் கண் குறிப்புக்குப் போவதில்லை. “அப்பா கத்தியதை நீ கேட்டபோது என்ன நினைத்தாய் என்று இன்னும் இரண்டு வசனம் எழுது, ‘போகேல்ல’ என்பதைப் புத்தகத் தமிழில் எப்படி எழுதுவோம் என்று பார்” என்று எழுதி, மறுபடி எழுத இடம் கொடுங்கள். இரண்டாவது பிரதிக்கே கணிப்பீடு.

தவணைப் பரீட்சையின் நிலை வேறு. அங்கே வினாத்தாளும் புள்ளித் திட்டமும் உங்களுக்கு வெளியிலிருந்து வருகின்றன. எத்தனையோ பாடசாலைகளுக்கு அதுதான் பொது அளவு. அதில் ஒரு பிள்ளைக்கென்று கையைத் தளர்த்துவது எனக்கு உடன்பாடில்லை, ஆகவே அந்த 38 ஐ மாற்ற வேண்டாம். ஆனால் வலயக் கல்விப் பணிமனைக் கூட்டத்தில் இரண்டு விடயங்களைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் கழிக்கலாமா, கட்டுரைக்கு மாற்றுத் தலைப்புகள் கொடுக்கலாமா என்று. பரீட்சைக்கு வரமுடியாத பிள்ளைகளைப் பற்றியும் கேளுங்கள். மூன்றாம் தவணைப் பரீட்சைக் காலமும் வாடைக்காற்று மழையும் இங்கே ஒன்றாகவே வருகின்றன. குளம் வான் பாய்ந்து வீதி மூடினால் வராத பிள்ளைக்குப் பூச்சியம் எழுதுவதை எந்த நியாயத்தின் கீழும் ஏற்க முடியாது.

அதிபரிடம் இதை எதிர்வாதமாகக் கொண்டுபோகாதீர்கள். அவருடைய பயத்தில் உண்மை இருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் தரம் 11 முடிவில் எழுதும் க.பொ.த. சாதாரண தரமும் ‘போச்சினம்’ என்பதை ஏற்கப் போவதில்லை. உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழியில் சித்தி வேண்டும். எழுத்து வழக்கைக் கற்பிக்காமல் விட்டுவிட்டு அதற்கு நியாயம் என்று பெயர் வைத்தால், வீட்டில் புத்தகமும் படித்த பெற்றோரும் உள்ள பிள்ளைகள் மட்டும் அதைக் கற்றுக்கொண்டு முன்னே போவார்கள். ஆகவே கற்பிக்கத்தான் வேண்டும், வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும். சுவரில் ‘வீட்டில் கதைப்பது’, ‘புத்தகத்தில் எழுதுவது’ என்று இரண்டு நிரல்கள் வரைந்து, ‘போச்சினம், போனாங்க’ என்பவற்றுக்கு எதிரே ‘சென்றார்கள்’ என்று பிள்ளைகளையே எழுதவிடுங்கள். இரண்டு நிரல்களும் தமிழ் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். அதிபரிடம் உங்கள் வாசிப்புப் பதிவுகளில் அந்தச் சிறுமியினதையும் அந்தச் சிறுவனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 1999 இல் தரம் 1 இலிருந்து நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை ஒவ்வொரு பிள்ளையும் அடைந்ததா என்று வகுப்பறையிலேயே பார்க்கச் சொன்னது. நீங்கள் செய்ய நினைப்பது அதற்குப் புறம்பான ஒன்றன்று. தரத்தை இறக்கப் பார்க்கிறீர்கள் என்று பின்னர் அவரால் சொல்ல முடியாது.

பெற்றோர் வந்து “எத்தினையாம் பிள்ளை?” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குக் கோபப்படாமல், பிள்ளை வாசித்த பதிவை எடுத்து வைத்து, முதலாம் தவணையில் எங்கே தடக்கியது, இப்போது எங்கே தடக்குகிறது என்று காட்டுங்கள். இடம்பெயர்வால் எழுதப் படிக்கக் கற்க முடியாமற்போன தாய்மாரும் தகப்பன்மாரும் இந்தப் பகுதியில் நிறையப் பேர். அவர்களுக்கு எண்ணை விட இது நன்றாக விளங்குகிறது என்பது என் அனுபவம்.

வருகிற வாரம் அவளிடமிருந்து தொடங்குங்கள். குளம் நிரம்பினால் அவர்கள் வீட்டில் என்னென்ன நடக்கும் என்று அவளைச் சொல்லவிட்டு, அவள் சொல்லும் சொற்களிலேயே நீங்கள் ஒரு தாளில் எழுதி, அதை அவளையே வாசிக்கச் செய்து, பின் இருவருமாக இருந்து புத்தகத் தமிழில் மறுபடி எழுதுங்கள். அதை வாசிக்கும்போது பக்கத்தில் அந்தச் சிறுவனையும் இருத்தி, விதைப்பதற்கு முன் குளம் ஏன் நிரம்ப வேண்டும் என்று அவளையே அவனுக்கு விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். இரண்டு தாள்களிலும் திகதி இட்டு எடுத்து வையுங்கள். அடுத்த தவணை முடிவில் அவற்றின் பிரதிகளை எனக்கு அனுப்பினால், அவற்றை வைத்துக்கொண்டு உங்களுக்கு மறுபடி எழுதுவேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் (ஆரம்பக் கல்வி)